தாழ்ப்பாள் இல்லாத நான்கு மாதங்கள்

தம்பி,

நாளைக் காலை லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து நீ புனேவுக்குக் கிளம்புகிறாய். உன் அம்மா எதை வைப்பது, எதை எடுப்பது என்று தெரியாமல் மூன்றாவது முறையாக உன் பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் என் பங்குக்கு வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதிய கை இது. எத்தனை டன் ஓடியது, எந்த மோட்டார் சூடானது, யார் வேலைக்கு வரவில்லை என்று எட்டு வரியில் முடித்துவிடுவேன். எட்டு வரிக்கு மேல் போனால் மேலே இருக்கிறவர்கள் படிக்க மாட்டார்கள். அதனால் இந்தக் கடிதம் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை. "எழுதறதுன்னா ஒண்ணும் மறைக்காம எழுது நைனா. நாலு பேரு படிக்கிற மாதிரி எழுது" என்று நீதான் சொன்னாய். சரி, மறைக்காமல் எழுதுகிறேன். பேரை மட்டும் போடவில்லை.

முதலில் அந்த வரியை எழுதிவிடுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன்னால் நீ தற்கொலைக்கு முயன்றாய். இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இத்தனை நாளில் உன் அம்மாவும் நானும் அந்தச் சொல்லை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அது', 'அந்த நாளு', 'அப்போ நடந்தது' என்று சுற்றிச் சுற்றித்தான் பேசிக்கொண்டோம். புனேயில் உன் பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகப்பட்டுக் கதவை உடைத்ததால் நீ இன்றைக்கு இருக்கிறாய். அவர் போன் செய்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இந்தியில் பேசினார். ஆலையில் பீகார் பையன்களோடு பழகிய பழக்கத்தில் எனக்கு இந்தி புரியும். புரிந்தும், "அது வேற யாரோ சார். என் பையன் பிளான்ட் ஹெட்டு" என்று அவரிடம் தமிழில் சொன்னேன். ஒரு ஆலையையே நடத்துகிற பிளான்ட் ஹெட்டுக்கு அப்படியெல்லாம் நடக்காது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவர் பாவம், திரும்பத் திரும்ப உன் பேரைச் சொன்னார்.

உனக்கு அந்தப் பதவி கிடைத்தபோது நம் தெருப் பையன்கள் தெருமுனையில் பேனர் வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கோட்டு, டை, சிரிப்பு. 'எங்கள் தெருவின் முதல் இன்ஜினியர், எங்கள் மண்ணின் பெருமை' என்று மேலே பெரிய எழுத்து. கீழே வட்டம் வட்டமாக, பேனர் வைத்தவர்களின் முகங்கள். அதில் என் ஓட்டர் கார்டு போட்டோவையும் எடுத்துப் போட்டிருந்தார்கள், பிக்பாக்கெட்காரன் மாதிரி இருந்தேன். அந்தப் பொங்கலுக்கு வந்த நீ, நான்கு நாளும் பின்பக்கச் சந்து வழியாகவே போய் வந்தாய். "இவ்ளோ பெரிய ஆளாயிட்டான், கொஞ்சங்கூட தெனாவட்டு இல்ல பாரு" என்று நான் டீக்கடையில் பீற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் உண்மையைச் சொன்னாய். "அந்த பேனர்ல சிரிக்கிறானே, அவன் யாரோ நைனா. எல்லாரும் அவனப் பாத்து கை தட்றாங்க. நான் உள்ள ஒண்ணுமே இல்லாம கீறேன். அவனப் பாத்தாலே பேஜாரா இருக்கும், அதான் சந்துல போனேன்." உன் கை என் கைக்குள் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தையைத் தேடினேன். கடைசியில் நான் சொன்னது இதுதான்: "அந்த பேனர எப்பவோ கயட்டிட்டாங்கடா."

நீ ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கும் காரணம் நான்தான். எங்கள் ஆலையில் ஒரு மேனேஜர் இருந்தார். சாதாரணக் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்த மனிதர். அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோது நீ கல்லூரியில் கடைசி வருஷம். உன்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் மாலை போட்டுவிட்டு, திரும்பும் வழியில் புதுவாயலில் டீ குடிக்க நிறுத்தினேன். அங்கே எங்கள் ஷிப்ட் ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பேச்சை ஆரம்பித்தது நான். "இன்னா கொறச்சல் அந்த ஆளுக்கு? காரு கீது, பங்களா கீது, பொண்ணு டாக்டருக்குப் படிச்சிக்கினு கீது. நாமதான் அஞ்சுக்கும் பத்துக்கும் அல்லாடறோம், நாம இன்னா சாவறமா? எல்லாம் கொழுப்பு." எல்லாரும் தலையாட்டினார்கள். செத்த மனிதருக்குப் போட்ட மாலையின் வாசனை இன்னும் என் கையில் இருந்தது, அதற்குள் இப்படிப் பேசினேன். நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டிப் பக்கம் போய் நின்றாய். சர்க்கரை அதிகமாகப் போட்டுவிட்டான் போல என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து நீ சொன்னாய்: "அன்னிக்கே ஒண்ணு முடிவு பண்ணிட்டேன் நைனா. எனக்கு எதுனா ஆச்சுன்னா உங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு."

அந்த மேனேஜர் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மத்தியான ஷிப்டில், சிவந்து வரும் கம்பிகள் ஆறுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் அங்கே வரவேண்டிய வேலையே இல்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்பா, உனக்குத் தூக்கம்லாம் நல்லா வருதா?" என்று கேட்டார். "டபுள் டூட்டி பாத்தா தன்னால வரும் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். பெரிய ஆபீசரைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். போன வருஷம் ஆடி மாதம் நீ போன் செய்து, நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, "நைனா, உனக்குத் தூக்கம் நல்லா வருதா?" என்றாய். அதே கேள்வி. அச்சு அசலாக அதே கேள்வி. நான் உனக்குக் கொசுவைப் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னேன். இப்போது யோசித்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. தூங்க முடியாதவன்தான் மற்றவனின் தூக்கத்தை விசாரிக்கிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு பெரிய அடி வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த மாதம் நீ நேராகவே கேட்டாய். "முடியல நைனா. வேலய உட்டுட்டு ஊட்டுக்கு வந்துடட்டா?" நான் விடவில்லை. "திருவாலங்காட்டுப் பக்கம் அடுத்தவன் கழனில குனிஞ்ச உங்க தாத்தா முதுகு, சாவற வரைக்கும் நிமிரல. நான் நெருப்பு பக்கத்துல நின்னு தோலு கருத்தேன். உனக்கு ஏசி ரூமு, சுத்தற நாற்காலி. இன்னாடா முடியல?" என்றேன். "சரி நைனா" என்று வைத்துவிட்டாய். உனக்குப் புத்தி சொல்லித் தேற்றிவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். தாத்தாவின் முதுகும் பொய்யில்லை, என் தோலும் பொய்யில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேர் பட்ட பாட்டைக் காட்டிக் காட்டியே, நீ ஒரு நாள் படுத்துக்கொள்ளக்கூட உனக்கு உரிமை இல்லை என்று ஆக்கிவிட்டேன். தெருவில் எந்தப் பிள்ளை படிக்காவிட்டாலும் உன்னைத்தான் காட்டித் திட்டினார்கள். கீழே இருந்து இத்தனை பேர் அண்ணாந்து பார்க்கும்போது, மேலே நிற்கிறவன் 'எனக்குத் தலை சுற்றுகிறது' என்று யாரிடம் சொல்வான்? நான் உயரத்தைப் பார்த்தேன். நீ நின்ற இடத்தைப் பார்க்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கு ரொம்ப வெட்கம். உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே, டாக்டர் சொன்னபடி உன் அறைக் கதவிலும் பாத்ரூம் கதவிலும் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றினேன். முப்பத்து மூன்று வயதுப் பிள்ளை குளிக்கும்போது உன் அம்மா வெளியே நின்றுகொண்டு, "தண்ணி சூடா கீதா? சோப்பு கீதா?" என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்பாள். நீயும் பொறுமையாக, "கீதும்மா, கீதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். அது வீட்டுக்குள். வெளியே? 'பையனுக்கு அல்சர், வயிற்றில் புண், லீவில் வந்திருக்கிறான்' என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டுமே. உன் அம்மா குழம்பில் மிளகாயை நிறுத்தினாள். பழவேற்காட்டு இறாலுக்கு உயிரை விடுகிறவன் நீ. உன்னைக் காலையில் கஞ்சி, மத்தியானம் தயிர்சாதம், இரவு இட்லி என்று உட்கார வைத்தோம். சித்தப்பா மகள் கல்யாணத்தில் எல்லாரும் பிரியாணி சாப்பிட, உனக்கு மட்டும் ரசம்சாதம். யாராவது வந்தால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பரவால்ல மாமா" என்பாய். எதிர் வீட்டு மேரியம்மா வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்று வாரத்துக்கு மூன்று நாள் மணத்தக்காளிக் கீரை பறித்துக்கொண்டு வருவாள். அதையும் வாய் பேசாமல் சாப்பிட்டாய். நன்றாக இருப்பதாக நடித்து நடித்துத்தான் இந்த நிலைமைக்கு வந்தாய். வந்த பிள்ளையிடம் நான் இன்னொரு வேஷத்தைக் கொடுத்தேன்.

மறைப்பது எனக்குத் தொழிலாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆலை கேட்டில் ஒரு போர்டு இருக்கும், 'விபத்து இல்லாத நாட்கள்' என்று. தினமும் காலையில் வாட்ச்மேன் ஒரு எண்ணைக் கூட்டி எழுதுவார். யாருக்காவது அடிபட்டால் அது பூஜ்யமாகிவிடும். பூஜ்யமானால் எல்லாருக்கும் ஏச்சு. அதனால் என் ஷிப்டில் ஒருவனுக்கு விரல் நசுங்கினால், வெளியில் கட்டுப் போட வைத்து, லீவு என்று எழுதிவிடுவேன். மற்ற ஷிப்ட்காரர்களும் அப்படித்தான். ஆயுத பூஜைக்கு உன்னை ஆலைக்குக் கூட்டிப் போனபோது உனக்கு எட்டு வயது. போர்டில் நானூற்றுச் சொச்சம் எழுதியிருந்தது. பொரி வாங்க வந்த ஒருவர் கையில் துணிக்கட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, "அந்த அண்ணனுக்கு அடிபட்டிருக்குதே, அப்புறம் ஏன் நைனா போர்டுல அவ்ளோ போட்டிருக்காங்க?" என்று கேட்டாய். "அதெல்லாம் கணக்குல வராதுடா" என்று உன் வாயில் ஒரு பிடிப் பொரியைப் போட்டேன். அந்த ஆள் வலது கையால் இன்றைக்கும் சோறு பிசைய முடியாது. அவர் வீட்டில் எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

உனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயசுக்காரர்தான், ஆனால் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் பேசினார். இது வியாதி, கொழுப்பு இல்லை. வசதியானவர்களுக்கு வராது என்கிற வியாதியும் இல்லை என்றார். "எப்போம்மா முழுசா சரியாவும்?" என்று கேட்டேன். "மாத்திரைய நிறுத்தக் கூடாது, தொடர்ந்து வரணும். நாள் சொல்ல முடியாதுங்க. நீங்க அவர் பேசறத கேளுங்க. பதில் சொல்லாம கேளுங்க" என்றார். என் வாழ்நாளில் இதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. மோட்டார் சூடாகிறது என்று ஒருவன் சொன்னால் நிறுத்தச் சொல்லவேண்டும், ஆளை அனுப்பவேண்டும். கேட்டுக்கொண்டு சும்மா நின்றால் அவன் சூப்பர்வைசரே இல்லை. உன் முன்னால் சும்மா உட்கார எனக்குத் தெரியவில்லை. நீ "மனசு ஒரு மாதிரியா கீது" என்றால் நான், "கோயிலுக்குப் போலாமா? ஏரிக்கரையில ஒரு நடை நடந்துட்டு வரலாமா?" என்று எதையாவது நீட்டினேன். டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருப்பாங்க." தலையாட்டிவிட்டு வந்தேன். நான்கு மாதமாகிவிட்டது. நான் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வரும், "காபி குடிக்கிறியா?" என்று மாறிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மேரியம்மா கீரையோடு வந்தாள். நீ வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "வயிறு எப்படிடா கீது?" என்று வழக்கம்போல் கேட்டாள். நீ வயிற்றைப் பிடிக்கவில்லை. "அத்த, எனக்கு அல்சர் இல்ல. மனசுதான் சரியில்ல. செத்துடலாம்னு போயிட்டேன், காப்பாத்திட்டாங்க" என்றாய். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாய். நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதுகிறேன். கண்ணாடியைத் தேடுகிறவன்போல் எழுந்து உள்ளே போய்விட்டேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. ஜன்னல் மறைவில் நின்று கேட்டேன். மேரியம்மா கீரையைப் படியில் வைத்தாள். பிறகு, "அப்போ நாலு மாசமா இந்தக் கீரைய சும்மாவா துன்னிக்கினு இருந்த? வாயத் தொறந்து சொல்லியிருந்தா கோழி அடிச்சு எடுத்தாந்திருப்பேனே, பாவி" என்றாள். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. அப்புறம் அவள் உன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, உன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இப்போ எப்படிடா கீது? இன்னும் அந்த நெனப்பு வருதா?" என்று கேட்டாள். ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். நீ பதில் சொன்னாய். மெதுவாகச் சொன்னாய். தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனதில் எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பதில் என்ன என்று மேரியம்மாவிடம் போய்க் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலை நீ என் டூல் பாக்ஸைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாய். நான் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த தாழ்ப்பாள்களை எங்கிருந்து கண்டுபிடித்தாயோ, பாத்ரூம் கதவில் ஒன்றை மாட்டினாய். பிறகு உன் அறைக் கதவில் இன்னொன்றை. ஒரு ஸ்க்ரூ உருண்டு என் கால் பக்கம் வந்தது. குனிந்து எடுத்து உன் கையில் கொடுத்தேன். நீயும் வாங்கி முறுக்கினாய். இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா கீது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். உன் அம்மாவுக்கு ஒரே நிம்மதி. "பாரேன், புள்ள தேறிட்டான். ஊட்ட இருந்தாப்ல பண்ணி வச்சிட்டுக் கெளம்பறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம் என்றேன். அப்போதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நீ தேறிவிட்டதால் மாட்டினாயா? இல்லை, எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மாட்டினாயா? புனேயில் உன் கதவில் இருக்கிற தாழ்ப்பாளை என்னால் கழற்ற முடியாது. நீ போனில் "நல்லா கீறேன் நைனா" என்றால், அது நீ சொல்வதா, எனக்காக எழுதி வைத்த போர்டா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. உன்னைப் பெற்றவன் நான். உன் முகத்தைப் பார்த்தாலும் எனக்குத் தெரிவதில்லை. இதுதான் உண்மை.

உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் மிச்சம் இல்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்ல நினைக்கிறேன், அது சரியா என்று தெரியவில்லை. போகாதே என்று சொல்ல நினைக்கிறேன், இங்கே உன்னைக் கீரை தின்ன வைத்தவன் அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. அங்கே பார்க்க வேண்டிய டாக்டரின் சீட்டு உன் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது, நான்தான் வைத்தேன். உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் பேசிவிட்டேன். தெருவில் இனி யார் கேட்டாலும் அல்சர் என்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று இந்த அப்பனுக்குத் தெரியவில்லைடா.

இதை எழுதி முடித்ததும் உன் கையில் கொடுக்கப் போகிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடி தேடி உள்ளே போக மாட்டேன். கடைசி வரியில் உனக்கு ஒரு கேள்வி இருக்கும். அதற்கு நீ என்ன சொன்னாலும் தாத்தாவைப் பற்றிப் பேச மாட்டேன், நெருப்பைப் பற்றிப் பேச மாட்டேன், காபி வேண்டுமா என்று கேட்க மாட்டேன். பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நாளைக்கு அந்த ரயில் போய்விட்டால் போகட்டும், அடுத்த ரயில் இருக்கிறது.

தம்பி, சாகணும்னு உனக்கு இன்னும் தோணுதா?